ஓர் ஆணி, இரண்டு தலைவர்கள்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற ஷேர் ஆட்டோவில் ஒரு சாக்கு முட்டைக்கோஸுக்கும் கம்பெனிச் சீருடை போட்ட ஒரு பெண்ணுக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரகடம் போனால் காலியாகிவிடும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார் ஓட்டுநர். ஒரகடம் வருவதற்குள் ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அரசியல் தலைவரின் முகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கண்ணாடியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். மீதிப் பாதியில் ஓட்டுநர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் வழியை மறைக்கிறாரே என்று கேட்டேன். இத்தனை வருஷமாக வழி காட்டுகிறவரே அவர்தான் என்று பதில் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு முட்டைக்கோஸைப் பிடித்துக்கொண்டேன்.

நான் மலேசியாக்காரி. கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி எங்களுக்குப் பிளாஸ்டிக் மூடிகள் செய்து தரப் போகிறது. அதற்கான வார்ப்பு அச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்று என் மேலாளர் அனுப்பினார். அவர் சீனர். உனக்குத்தான் தமிழ் தெரியுமே என்றார். என் தமிழைக் கேட்டு இங்கே எல்லோரும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் பதில் சொன்னார்கள் என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் அமுதா என்பவரின் வீட்டு மாடியில் தங்கினேன். கம்பெனிக்காரர்கள் ஹோட்டலில் போடுவதாகத்தான் சொன்னார்கள். நான்தான் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று அடம்பிடித்தேன். அமுதாவுக்கு என் வயது இருக்கும். நெல் விளைந்த நிலத்தில் பாதி தொழிற்சாலைக்குப் போய்விட, மீதியில் வரிசையாக அறைகள் கட்டி வெளியூர்ப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். போய்ச் சேர்ந்த அன்று கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். இறால் விழுது சேர்த்து இடிக்கிற எங்கள் ஊர் பிளாச்சான் சம்பலுக்கு அந்தக் குழம்பு அக்கா முறை வேண்டும், அவ்வளவு காரசாரம். மறுநாள் காலையில் "பசியாறியாச்சா?" என்று அவரைக் கேட்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பதுதான். அமுதாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், வாடகைப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பசியாறியாச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்திருந்தவனிடமும் அதே அன்போடு கேட்டார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் அறைக்கு ஓர் ஆணிதான்.

"முன்னாடி இருந்தவனுங்க செவுர சல்லடையா ஆக்கிட்டானுங்கக்கா. பத்து தலைவரு, நாலு நடிகரு, ஒரு கிரிக்கெட்டு. வூடா அது? போஸ்டர் ஒட்ற செவுரு கணக்கா இருந்துச்சு" என்றார் அமுதா. அதற்குப் பிறகு சுத்தியலை அவரே வைத்துக்கொண்டார். குடி வருகிறவர்களுக்கு ஓர் ஆணி அவர் கையால் அடித்துத் தரப்படும். அதில் சாமி மாட்டுவதோ சட்டை மாட்டுவதோ அவரவர் பாடு.

மாடிப்படியை ஒட்டிய அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கி, வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஏழுமலை. இருவருக்கும் இருபத்தைந்துக்குள் வயது. இருவரும் வேறு வேறு கம்பெனி. இசக்கிக்குக் காலை ஷிஃப்ட், ஏழுமலைக்கு இரவு ஷிஃப்ட். இசக்கிக்கு ஒரு தலைவர், ஏழுமலைக்கு அவருக்கு நேர் எதிரான தலைவர். பெயர்களை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரோடு சண்டைக்குப் போவார்கள்.

இரண்டு தலைவர்களுக்கும் கண்ணாடி போட்ட படம் உண்டு. ஆணிதான் ஒன்று. ஆகவே ஆணிக்கும் ஷிஃப்ட் போட்டிருந்தார்கள். பகலில் ஏழுமலை தூங்கும்போது அவனுடைய தலைவர் சுவரில் இருப்பார். மாலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஏழுமலை அவரை இறக்கிவிட்டு இசக்கியின் தலைவரை மாட்ட வேண்டும். விடியற்காலையில் இசக்கி கிளம்பும்போது அதே மாதிரி மாற்ற வேண்டும். இறக்குகிறவன்தான் மற்றவனுடைய தலைவரைத் துடைத்து மாட்ட வேண்டும் என்பது அவர்களாகப் பேசி வைத்துக்கொண்ட விதி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் அறையில் இருப்பதால் ஆணியில் வேட்டி தொங்கும்.

நான் முதல் தடவை பார்த்தபோது ஏழுமலை இசக்கியின் தலைவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கன்னத்தில் இரண்டு வைத்தான் என்பதுதான் சரி. பிறகு வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து மாட்டினான். இசக்கி எழுந்து போய் நேராக்கினான். இது தினமும் நடக்கும் என்றார் அமுதா.

எங்கள் ஊரிலும் தலைவர்கள் உண்டு. எங்கள் தொகுதி வை.பி., இங்கே எம்.எல்.ஏ. மாதிரி, கல்யாணத்துக்கு வருவார், மொய்க் கவர் கொடுப்பார், படம் எடுத்துக்கொள்வார், சாம்பார் வருமுன் போய்விடுவார். அவர் கொடுக்கிற நாட்காட்டியில் முகம் தட்டுப் பெரிதாகவும் தேதி எறும்பு மாதிரியும் இருக்கும். ஆனாலும் யாரும் அவரை ஷிஃப்ட் போட்டுத் தொங்கவிட்டதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திட்டுவோம், அவ்வளவுதான் எங்கள் உறவு.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பஸ் அனுபவம். காலையில் பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். எல்லாமே வெள்ளை, எல்லாமே ஏசி. என்னுடையது இதுதான் என்று ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் யாரும் சந்தேகப்படவில்லை. நான் இறங்க வேண்டிய இடம் கண்ணெதிரே கடந்து போனபோதுதான் எழுந்து ஓடினேன். கதவு நடுவழியில் திறக்காது, கம்பெனி ரூல், உள்ளே போய்த்தான் திறக்கும் என்றார் டிரைவர். அப்படி எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிற்சாலையின் கேட் வரைக்கும் போனேன். அங்கே இருந்த செக்யூரிட்டி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, என் கம்பெனிக்கு போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை தன் தலைவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். நன்றாகப் பார்த்த பிறகுதான் அது ஆளுயர அட்டைப் படத்தின் தோளில் கை போட்டு எடுத்தது என்று தெரிந்தது. சொன்னால் வருத்தப்படுவார் என்று நினைத்து, நல்லாயிருக்கு என்றேன். அவரே சிரித்துக்கொண்டு, நிஜத்தில் இப்படித் தோளில் கை போட விடுவார்களா என்று கேட்டார்.

எங்கள் கூலிம் பஸ்ஸிலும் நேபாளத்துப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள் நிறைய வருகிறார்கள். பல வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். உன் தலைவர் யார் என்று ஒருவனையும் நான் கேட்டதில்லை. இங்கே நாம் கேட்கவே வேண்டாம். இரண்டாவது டீக்குள் சொல்லிவிடுகிறார்கள்.

இசக்கி தன் தலைவர் கதையைச் சொன்னது புதன்கிழமை மாலை. அச்சில் வந்த மூடிகளின் ஓரத்தில் பிசிறு இருக்கிறது என்று கம்பெனியில் சண்டை போட்டுவிட்டு அலுத்துப்போய் வந்து, படியில் உட்கார்ந்து அமுதா கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தேன். ஏழுமலை அப்போதுதான் படத்தை மாற்றி மாட்டியிருந்தான். எதையும் உற்றுப் பார்க்கிற தொழில் புத்தி எனக்கு. அதனால் இசக்கியின் படத்தை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். கடைகளில் விற்கிற படம் இல்லை அது. யாரோ எடுத்த பழைய புகைப்படம். பள்ளிக்கூட வராந்தாவில் தலைவர் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார். ஓரத்தில் ஏதோ ஒரு பையனின் காது மட்டும் பாதியாகத் தெரிகிறது. இந்தக் குழந்தை நீயா என்று கேட்டேன்.

"அது வேற பிள்ளைக்கா. அந்தக் காது என்னோடதாக்கும்" என்றான் இசக்கி.

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான். இந்தக் காதுக்குத்தான் தினமும் அபிஷேகம், ஆராதனை எல்லாம் என்றான். இசக்கி கோபப்படவில்லை. அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் வெள்ளம் வந்து, எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்களாம். அப்பாவுக்குக் காலில் அடி. அம்மா அவரோடு ஆஸ்பத்திரியில். இவன் தனியாக ஒரு மூலையில் இருந்திருக்கிறான். அரிசி வந்தது, பாய் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். இவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அவுக வந்தாவ. எங்கிட்ட குத்தவச்சு உக்காந்து, 'சாப்ட்டியாடே'ன்னு கேட்டாவ. நான் அழுதுக்கிட்டே இருந்தேன், பதிலே சொல்லல. பொட்டலத்தப் பிரிச்சு என் கையில வச்சிட்டுப் போயிட்டாவ. பொறவு இந்தப் பிள்ளையத் தூக்கும்போதுதான் போட்டோ எடுத்திருக்காங்க."

அவருக்கு இது ஞாபகம் இருக்குமா என்று கேட்டேன். எப்படி இருக்கும், ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைக் கேட்டிருப்பார் என்றான். அந்தத் தலைவர் வெள்ளிக்கிழமை இந்தச் சாலை வழியாக வருகிறார், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகப் போகிறார் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இசக்கிக்கு அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. படத்தைக் காட்டி, சாப்பிட்டேன் ஐயா என்று சொன்னால் போதும். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் அது.

சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். இசக்கி பயிற்சியில் இருக்கிறான். இந்த மாதம் முடிந்தால்தான் நிரந்தரம் ஆவானா இல்லையா என்று தெரியும். ஒரு நாள் லீவு போட்டாலும் கதை கந்தல் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லிவிட்டாராம். ஷிஃப்ட் மாற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறான், நடக்கவில்லை. காலையிலேயே தலைவர் போய்விடுவார், இவன் வெளியே வர மதியம் தாண்டிவிடும். இதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியது. கடலையை நீட்டினேன்.

ஏழுமலை ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

"படத்தக் குடு. நான் போறேன்."

இசக்கி அவன் கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தான். நானும் அப்படித்தான். ஏழுமலையின் அப்பா ஊரில் அவர்கள் கட்சியின் கிளைச் செயலாளர். ஏழுமலையின் படத்தில் இருக்கிற தலைவர்தான் அவன் அம்மா கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர். அவர் இல்லையென்றால் நானே இல்லை என்று பேசுகிறவன் அவன். அந்தப் பையன் எதிர்க்கட்சித் தலைவரின் கூட்டத்தில் போய் நிற்பதா?

"ராத்திரி ஷிஃப்ட் முட்சிட்டு வந்து சும்மாதான தூங்கறேன். போய்க் காட்டிட்டு வர்றேன். வாழ்கன்னுலாம் கத்த மாட்டேன், அத இப்பவே சொல்டேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் வர வேண்டும் என்றான். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், மலேசியாவிலிருந்து வந்த அக்கா கூட்டம் பார்க்க ஆசைப்பட்டார், கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவிடலாமாம். இத்தனை நாள் வேலையில் என்னை எத்தனையோ விதமாக உபயோகித்திருக்கிறார்கள். மறைவுக்கு நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் எனக்கு வேலையில்லை. பிசிறு எடுப்பதற்காக அச்சைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த ஏழுமலை முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டோம். எங்கள் ஊர் இட்லி மாதிரி கல்லாக இல்லாமல், தொட்டால் உள்ளே போகிற இட்லி. நான் கடைசித் துண்டைச் சாம்பாரில் முக்கும்போது அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தான்.

ஒரகடம் கூட்ரோட்டுக்குச் சற்று முன்னால் கூட்டம் நின்றது. எனக்குத் திருவிழா ஞாபகம்தான் வந்தது. டிரம்ஸ் செட், மோர்ப்பந்தல், மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரிக்காய். ஒரு கிரேனில் சாத்துக்குடி மாலை ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். மாலை ஒரு லாரியின் உயரம் இருந்தது. நான் தலைவரைப் பற்றி யோசிக்கவில்லை, கிரேன் கொக்கி தாங்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி தார்ச் சாலையிலேயே தலைவரின் முகத்தைக் கோலமாகப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் கையை விரித்து நின்று வண்டிகளை விலக்கிக்கொண்டிருந்தார். கன்டெய்னர் லாரிகள் நிஜமாகவே விலகிப் போயின. மீசையில் கொஞ்சம் அழிந்திருந்ததை அவ்வப்போது குனிந்து சரிசெய்தார்.

ஏழுமலை தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றான். கொஞ்ச நேரத்தில் சட்டென்று என் கையைப் பிடித்தான். ஏழுமலையின் கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார், கையில் இந்தக் கட்சிக் கொடியோடு. அவரும் இவனைப் பார்த்துவிட்டார். பிறகு அவர் மெதுவாக வந்து, மாமனார் வீட்டுக்காரர்கள் எல்லாம் இந்தக் கட்சி, கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது என்றார். ஏழுமலை என்னைக் காட்டி, மலேசியா அக்கா என்றான். ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்று பேசாமலே உடன்பாடு ஆகி, மோர் குடிக்கப் போனார்கள்.

காலை போய் மதியம் வந்தது. தலைவர் வரவில்லை. அவர் காலை என்றால் மதியம், மதியம் என்றால் விளக்கு வைத்த பிறகு என்று கோலக்காரப் பெண்மணி பெருமையாகச் சொன்னார். மகனை மன்னித்துவிடுகிற அம்மா மாதிரி இருந்தது அவர் பேச்சு. ஏழுமலைக்குத் தூக்கத்தில் கண் செருகியது. போய்விடலாம் என்று நானே இரண்டு முறை சொன்னேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

கடைசியில் வெடிச் சத்தம் கேட்டது. கூட்டம் முன்னால் பாய்ந்தது. தலைக்கு மேல் தலை, ஒன்றும் தெரியவில்லை. ஏழுமலை செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சாலையோரத்து வழிகாட்டிப் பலகைக் கம்பத்தின் சிமென்ட் கட்டையில் ஏறினான். அங்கிருந்தும் போதவில்லை என்று கம்பத்தில் இன்னும் மேலே போனான். கீழே மூடாத மழைநீர்க் கால்வாய். ஒரு கையால் கம்பம், மறு கையில் படம். அப்படித் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"தலைவா! இசக்கி சாப்ட்டான்!"

சுற்றி இருந்தவர்கள் காலையிலிருந்து கோஷம் போட்டுப் பழகியவர்கள். என்ன ஏது என்று பார்க்காமல், "வாழ்க!" என்றார்கள். அவன் மறுபடியும் இசக்கி சாப்ட்டான் என்றான். மறுபடியும் வாழ்க. நாலாவது தடவையில் டிரம்ஸ்காரர்களும் அதற்கு அடி பிடித்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஏழுமலையின் வாயிலிருந்தும் ஒரு வாழ்க வந்தது. நான் கேட்டேன். பிறகு பல வாழ்க வந்தன. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஒரு கையில் செருப்போடு நானும் கத்தினேன், இசக்கி சாப்ட்டான் என்று.

அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் விட்ட கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து எங்கள் முன்னால் மாட்டிக்கொண்டன. வெள்ளைச் சுவர் எழுப்பியது போல, ஒன்றின் பின் ஒன்றாக. அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஏழுமலை ஒரு பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான். வெடிச் சத்தம் எங்களைத் தாண்டிப் போய், தூரத்தில் கேட்டு, அடங்கிவிட்டது.

யாரோ வந்து சொன்னார்கள். இந்தப் பக்கம் பஸ்கள் அடைத்துக்கொண்டதால் தலைவரின் வண்டியை எதிர்ச் சாலையில் விட்டுக் கொண்டுபோய்விட்டார்களாம். கிரேன்காரர் மாலையை இறக்கினார், மக்கள் சாத்துக்குடியைப் பிய்த்துக்கொண்டார்கள். ஏழுமலை கம்பத்திலிருந்து இறங்கி, படத்தைத் துண்டில் சுற்றினான். குரல் சுத்தமாகப் போயிருந்தது. இசக்கியிடம் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தான். கடைசியில், தலைவர் பார்த்தார் என்று சொல்லிவிடப் போகிறேன், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள் என்றான். ஆகாத தலைவரைப் பற்றி ஒரு நல்ல பொய் சொல்ல அவன் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிரித்தார் என்று சொல்லவா, கையைக் காட்டினார் என்று சொல்லவா என்று வழியில் இரண்டு தடவை பைக்கை நிறுத்திக் கேட்டான்.

இசக்கி வர மாலையாகிவிட்டது. பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது என்றான். அமுதா டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஏழுமலை போய்விட்ட குரலில் ஆரம்பித்தான். தலைவர் வந்தார். வண்டியை மெதுவாக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தார். இந்தக் காது யாருடையது என்று கேட்டார். இசக்கி சாப்ட்டானா, சந்தோஷம் என்றார்.

"நல்ல மனுசன்டா அவரு. நான்தான் தப்பா நெனச்சிகினு இருந்தேன். நீ வேணா மலேசியாக்காவக் கேளு."

நான் டீயைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"நான் அந்த பஸ்லதான்டே இருந்தேன்" என்றான் இசக்கி. "நீ கத்துனது எங்க பஸ்ஸப் பாத்துத்தான். ஏசி பஸ்ஸு, சத்தம் கேக்கல. வாய் மட்டும் தெரிஞ்சுது."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் அமுதாவைப் பார்த்தேன். தலைவர் பஸ்ஸின் வலது பக்கமாகப் போனார், ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில், பஸ்ஸில் இருந்த எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள் என்று இசக்கி சொன்னான். டிரைவர் கத்தினாராம், பஸ்ஸே சாய்கிற மாதிரி இருந்ததாம்.

ஏழுமலைக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அப்போ நீ பாத்துட்ட. தெரிஞ்சிக்கினே எங்கிட்ட கத கேக்கறியா?"

"பாக்கலடே."

"ஒரு மொழத்துல போறாரு, பாக்கலன்ற. கண்ண இன்னா பண்ண? காலீல இருந்து நான் அங்க தூங்காம நின்னது எதுக்குடா?"

இசக்கி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தப் பக்கம் திரும்பத்தான் போனேன். நீ ஒத்தக் கையில தொங்கிக்கிட்டு நிக்கே. கீழ கால்வா தொறந்து கெடக்கு. விழுந்துருவியோன்னு ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அவுக போயிட்டாவ."